எல்லையைத் தாண்டிட்டா தப்பிச்சிடலாமா?

2021 ஜனவரி 22. ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கும் முத்தூட் ஃபைனான்ஸ் கிளைக்குள் முகமூடி போட்ட ஒரு கும்பல் துப்பாக்கியோடு நுழைந்தது. சுமார் 25 கிலோ நகையோடு வெளியேறியது. அத்தனையும் யாரோ அவசரத்துக்கு அடகு வைத்த சங்கிலியும் வளையலும்தான். மறுநாளே ஹைதராபாத் அருகே ஆட்கள் பிடிபட்டார்கள். நகைகளோடு இருந்த ஜிபிஎஸ் கருவி காட்டிக் கொடுத்துவிட்டது.

முட்டாள்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் போட்ட கணக்கு என்னவாக இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி, ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். என்.எச். 44-லேயே போனால் ஆந்திரா, தெலங்கானா. ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் இருக்கிற நமக்கு எல்லை தினமும் வேலைக்குப் போகிற வழி. கொள்ளைக்காரனுக்கு அது தப்பிக்கிற வழி.

குற்றவாளியும் லாப நஷ்டம் பார்க்கிறான் என்று 1968-ல் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் எழுதினார். ஒரு பக்கம் கிடைக்கப் போகும் பணம். மறுபக்கம் இரண்டு விஷயம்: மாட்டும் வாய்ப்பு எவ்வளவு, மாட்டினால் தண்டனை எவ்வளவு. இதில் முதலாவதுதான் முக்கியம் என்று இத்தாலியின் பெக்காரியா 1764-லேயே சொல்லிவிட்டார். ஆயுதத்தோடு கூட்டுக்கொள்ளை அடித்தால் குறைந்தது 7 வருஷம் என்று ஐ.பி.சி. 397 அப்போதே இருந்தது. அது அவர்களைத் தடுக்கவில்லை. மாட்ட மாட்டோம்னு நினைக்கிறவனுக்கு 7 வருஷமும் 14 வருஷமும் ஒண்ணுதான்.

சின்னத் தடைகூடக் கணக்கை மாற்றும். மேற்கு ஜெர்மனியில் 1980-ல் ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் என்றார்கள். அடுத்த சில வருஷங்களில் பைக் திருட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. போகிற போக்கில் பைக்கை எடுக்கிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. இல்லாமல் ஓட்டினால் உடனே நிறுத்துவார்கள். அதற்குப் பதிலாகக் கார் திருட்டு அந்த அளவுக்கு ஏறவும் இல்லை.

ஓசூர் சம்பவத்தில் ஜிபிஎஸ் திருடனைப் பிடித்தது, திருட்டைத் தடுக்கவில்லை. கருவி இருப்பதே தெரியாதவன் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே "இங்கே ஜிபிஎஸ் உண்டு" என்று வாசலிலேயே எழுதி வைக்கலாம். எதில் இருக்கிறது என்பதை மட்டும் மறைத்தால் போதும். எல்லையில் நம்பர் பிளேட் படிக்கும் கேமராவுக்கும், இரண்டு மாநில போலீஸும் உடனுக்குடன் பேசிக்கொள்வதற்கும் இதே கதைதான். அவை இருந்தால் மட்டும் போதாது, இருக்கு என்று திருட வருகிறவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.