துடிக்கும் இதயத்தின் தெளிந்த படம்

நுழையும்முன்
அசையாத உறுப்பைப் படம் எடுப்பது எளிது. ஓயாது துடிக்கும் இதயத்தைப் படம் எடுப்பது அரிது. அவ்வரிய செயல் எவ்வாறு கைகூடுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மருத்துவமனைகளில் ‘எம்.ஆர்.ஐ.’ என வழங்கப்பெறும் கருவி, உடலைக் கீறாமலே உள்ளுறுப்புகளைக் காட்டுகிறது. 1973ஆம் ஆண்டில் பால் லாட்டர்பர் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர், காந்தப் புலத்தைக் கொண்டு இத்தகைய படத்தை உருவாக்கும் வழியை வெளியிட்டார். இங்கிலாந்து நாட்டு இயற்பியல் அறிஞர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, படத்தை மிக விரைவாக எடுக்கும் முறையைக் கண்டார். இருவரும் 2003இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசினைப் பெற்றனர்.

நம் உடலின் பெரும்பகுதி நீராகும். வலிமை மிக்க காந்தத்தினுள் உடல் வைக்கப்படும்போது, நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களுள் மிகச் சிறு பங்கு அப்புலத்தின் திசையில் ஒழுங்குறுகிறது. வானொலி அலையைச் செலுத்தினால் அவ்வொழுங்கு மாறுகிறது. அலை நின்றபின், பழைய நிலைக்கு மீளும் அணுக்கருக்கள் மெல்லிய சைகையை வெளியிடுகின்றன. கருவி அச்சைகையிலிருந்து படத்தின் அலைக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அளக்கிறது. கணினி அவற்றைக் கூட்டிப் படமாக்குகிறது.

இச்சைகையோடு இரைச்சலும் கலந்து வருகிறது. இங்கு இரைச்சல் என்பது கருவி எழுப்பும் ‘டக் டக்’ என்னும் ஓசை அன்று. உடலிலும் கருவியின் கம்பிச்சுருளிலும் உள்ள மின்துகள்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதனால் எழும் ஒழுங்கற்ற மின்மாற்றமே அது. படத்தின்மீது மணல் தூவியதுபோல் அது தோன்றும்.

ஒரே அளவீட்டைப் பலமுறை செய்து சராசரி கண்டால் இரைச்சல் குறையும். 4 முறை அளந்தால் அது பாதியாகும்; 16 முறை அளந்தால் கால் பங்காகும். ஆனால், இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிப்பது. அளவீடு முடியும்வரை அது காத்திராது. நோயாளியும் மூச்சை அடக்கிக் கிடத்தல் வேண்டும். சிறு குழந்தையாலோ மூச்சுத்திணறல் உடையவராலோ அது இயலுமா? அசையாதிருப்பதற்காகக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து தருவதும் உண்டு. ஆதலின் விரைவு இன்றியமையாதது. விரைவுக்காக அளவீடுகளைக் குறைத்தாலோ, இரைச்சல் மிகுவதோடு பொய்யுருவங்களும் படத்தில் தோன்றுகின்றன.

இச்சிக்கலுக்கு 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லஸ்டிக், டோனஹோ, பாலி ஆகியோர் ஒரு வழி காட்டினர். எல்லா அலைக்கூறுகளையும் அளவாமல், ஒழுங்கின்றித் தெரிந்தெடுத்த சிலவற்றை மட்டும் அளப்பது அவ்வழி. அவ்வாறு அளந்தால், விடுபட்டவற்றால் வரும் பிழை ஓர் உருவமாகத் திரளாமல் இரைச்சல்போலச் சிதறிவிடும். சிதறியதை நீக்குதல் எளிது. மேலும், அடுத்தடுத்த படங்களில் மார்புச்சுவர் ஏறத்தாழ மாறுவதில்லை, இதயமே மாறுகிறது. ஆகவே, ஒரு படத்தில் விடுபட்டதை அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கொண்டு கணிக்கலாம். கணினி முதலில் ஒரு படத்தை ஊகிக்கிறது. அதிலுள்ள சிதறலை அடக்குகிறது. பின்னர், உண்மையில் அளந்தவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது. படம் தெளியும்வரை இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

எனினும், இதில் அளவறிதல் வேண்டும். முறத்தில் நெல்லைப் புடைப்பவர் பதரை நீக்குவார். கை மிஞ்சினால் சிறு மணிகளும் பறந்துவிடும். அதுபோல, இரைச்சலை மிகுதியாக அடக்கினால், இதய வால்வின் விரைந்த அசைவும் மழுங்கிப்போகும். வால்வு சரிவர மூடாத குறை மருத்துவர் கண்ணுக்குத் தப்பவும் கூடும். இரைச்சலை அடக்காது விட்டாலோ, இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றலாம். படம் அழகாக இருப்பது போதாது. உடலில் உள்ளதை உள்ளவாறு காட்டுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
சைகை – செய்தியைத் தாங்கி வரும் அலை
பதர் – உள்ளீடற்ற நெல்
மழுங்குதல் – கூர்மை குறைதல்

பயிற்சி
1. ‘இரைச்சல்’ என்னும் சொல் இப்பாடத்தில் எப்பொருளில் வந்துள்ளது?
2. இதயத்தைப் படம் எடுக்கும்போது பலமுறை அளந்து சராசரி காண இயலாதது ஏன்?
3. நெல் புடைக்கும் உவமையை உம் சொந்த நடையில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: அச்சைகை, பொய்யுருவம்.