வாசல் கல்லுக்கு எந்தப் பூச்சு?

சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். புதிதாக வீடு கட்டியிருக்கிறார். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பேவர் பிளாக் பதித்தாயிற்று. அதன்மேல் சீலர் அடிக்கச் சொல்லிக் கடைக்காரர் நான்கு டப்பாக்களைக் காட்டினாராம். "நீங்க ரயில்வேயில இன்ஜினீயரிங் பக்கம் இருந்தவராச்சே, எது நல்லது சார்?" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. "அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். என் கைப்பிழை ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

2019-ல் ஓய்வு பெற்றபின் நாகபுரியிலேயே தங்கிவிட்டோம். எங்கள் மனை கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவனுக்கு அந்த மண்ணின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையில் ஊதும்; கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் ஒரே பாளமாகச் சிமென்ட் தளம் போட்டால் இரண்டு வருஷத்தில் விரிசல் கண்டுவிடும். பிளாக் என்றால் மண்ணோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், தேவைப்பட்டால் எடுத்துத் திரும்பவும் பதிக்கலாம் என்று 2021 மே மாதம் 360 சதுர அடிக்குப் பதித்தேன். இலகுவான போக்குவரத்துள்ள இடத்துக்கு 60 மி.மீ. கனம், எம்-35 தரம் என்பது 2006-ல் வெளிவந்த ஐ.எஸ். 15658 சொன்ன கணக்கு. அதையே வாங்கினேன். கீழே ஜல்லிப் படுகை, அதன்மேல் மணல், இடுக்குகளில் சலித்த உலர்மணல், தெருப்பக்கமாக ஐம்பதுக்கு ஒன்று வாட்டம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

அந்த அக்டோபரில் மழை விட்டதும் பூச்சுக்குக் கிளம்பினேன். கடையில் ஒரு மாதிரிக் கல்லைக் காட்டினார்கள். பாதிக் கல் சாதாரணம். பாதி இப்போதுதான் மழையில் நனைந்தது போலக் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. "சாப், ஏக்தம் சமகேகா!" என்றார் கடைப்பையன். கரைப்பான் கலந்த அக்ரிலிக் சீலர் அது. அந்த மினுக்கில் மயங்கி வாங்கி வந்து, மிஸ்திரியை வைத்து இரண்டு கோட் அடித்துவிட்டேன். "என்னங்க, இது வாசலா, கல்யாண மண்டபத் தரையா?" என்று என் மனைவி கேட்டது எனக்குப் பாராட்டாகவே காதில் விழுந்தது.

மூன்று வாரத்தில் கல்லின் மேல் ஆங்காங்கே பால் தெளித்தது போல வெளுப்புத் தட்டியது. துடைத்தால் போகவில்லை, வெளுப்பு பூச்சுக்கு அடியில் இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மார்கழி பிறந்து நாலாம் நாள் விடியற்காலையில் என் மனைவி வழக்கம்போல வாசல் தெளித்தாள். தண்ணீர் கல்லில் இறங்காமல் மேலேயே நின்றது. கோலப்பொடி எடுக்கத் திரும்பியவள் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மார்கழி முழுவதும் எங்கள் வாசலில் கோலம் போட்டது எதிர்வீட்டு மராத்தி அம்மாள்தான். தன் வீட்டு ரங்கோலியை முடித்துவிட்டு டப்பாவோடு தெருவைக் கடந்து வருவார். பூச்சுப் பூசிய கல்லில் அவர் கால் வைக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே தார்ச்சாலை ஓரத்தில் போட்டுவிட்டுப் போவார்.

முப்பத்தெட்டு வருஷம் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். பாதைக்கு முதல் எதிரி தேங்கும் தண்ணீர் என்று கேங்மேன்களுக்குத் தினமும் சொன்ன வாய் இது. ஜல்லிக்குள் மண் அடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனால், ரயில் போகும்போதெல்லாம் ஸ்லீப்பருக்கு அடியிலிருந்து சேறு பீச்சும். அதற்காகத்தான் ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போடுகிறோம். அப்படிப்பட்டவன் என் வீட்டு வாசலில் தண்ணீருக்கு மேலே மூடி போட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். நான்கு மாத மழையைக் குடித்த கரிசல் மண் அக்டோபர் வெயிலில் ஈரத்தை மெல்ல மேலே விடுகிறது. அது கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி, மேலே இருக்கும் படலத்தில் முட்டி நிற்கிறது. அக்ரிலிக் பளபளப்பாக இருப்பதே கல்லின் துளைகளை அடைத்து ஒரு படலமாக உட்காருவதால்தான். ஈரம் சிக்கினால் படலம் வெளுக்கும், அப்புறம் உரியும். போதாக்குறைக்கு, புதுக் கல்லில் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மேலே வந்துகொண்டே இருக்கும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகும். சுண்ணாம்பு அடித்த சுவர் இறுகுவதும் இதே ரசாயனம்தான். நாம் உப்புப் பூத்தது என்கிறோம். திறந்த கல்லில் நாளடைவில் மழையே அதைக் கழுவிவிடும். பூச்சுக்கு அடியில் மாட்டினால் மழை அதைத் தொட முடியாது. கல்லின் சொரசொரப்பை அடைத்துவிட்டதால் ஈரத்தில் காலுக்குப் பிடிமானமும் போயிற்று. வழுக்காமலிருக்க ஒரு நுண்பொடியைக் கலந்து அடிக்கலாம் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடையில் நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

படலம் போடும் வகையில் பாலியூரித்தேன் இன்னும் கெட்டி, விலையும் அதிகம். தவறிப்போனால் எடுப்பது பெரும்பாடு. ஃபேக்டரித் தளத்துக்கு அது இருக்கட்டும்.

பூசியதை எடுத்த கதையை நீட்டப் போவதில்லை. 2022 கோடையில் சைலீன் வாங்கி, சதுரம் சதுரமாக ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பழந்துணியால் ஒற்றி எடுத்தேன். சேர்ந்தாற்போல் ஒன்பது நாள். சைலீன் எளிதில் தீப்பிடிக்கும், புகை தலையைச் சுற்றவைக்கும். முகக்கவசம் இல்லாமல், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கும்போது யாரும் தொட வேண்டாம். பூச்சுக்கு ஆன செலவைவிட எடுக்க ஆன செலவு அதிகம்.

அந்த வருஷ மழை முழுவதையும் வெறும் கல்லின் மேலேயே பெய்ய விட்டேன். நவம்பரில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரவு வைத்துப் பார்த்தேன். காலையில் அடியில் வியர்த்திருந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும் ஒட்டினேன். மூன்றாம் தடவைதான் காய்ந்திருந்தது. இரண்டு ரூபாய்ச் சோதனை. முந்தைய வருஷமே செய்திருந்தால் ஒரு மணிக்கட்டு தப்பியிருக்கும்.

பிறகு தேர்ந்தெடுத்தது சைலேன்-சைலாக்சேன் வகை. இது கல்லுக்குள் ஊறி, துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும். துளையை அடைப்பதில்லை, அடியிலிருந்து வரும் ஈரம் ஆவியாக வெளியேறலாம். கல்லின் நிறமும் சொரசொரப்பும் மாறவில்லை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு கிடையாது. அடித்திருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. கௌரவம் பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. இடுக்கு மணலை ஒட்டிப் பிடிக்காது. மணல் குறைந்தால் நாம்தான் பெருக்கி நிரப்ப வேண்டும். ஆயில் சொட்டினால் அவ்வளவாகத் தடுக்காது. எங்கள் பழைய காருக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன்.

டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவை அப்படியே நம்ப வேண்டாம். கல் எவ்வளவு குடிக்கும் என்பது கல்லுக்குக் கல் வேறுபடும். முதலில் ஒரு மூலையில் பத்துச் சதுர அடி அடித்துப் பாருங்கள். எனக்கு ஒரு லிட்டர் நாற்பது சதுர அடிக்குத்தான் வந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சுட்ட கல்லில் ஊறுவதற்குள் உலர்ந்துவிடும். நாகபுரியில் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் செய்வது உத்தமம்.

பூச்சே வேண்டுமா என்று கேட்டால், வாட்டம் சரியாக இருந்து இடுக்கில் மணலும் நிறைந்திருந்தால் கட்டாயமில்லை என்பேன். பாசி பிடிக்கும் நிழல் பக்கம், செம்மண் கறை ஏறும் வாசல் என்றால் போடலாம். ஏற்கெனவே போட்டவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும். முத்துமுத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது; கல் கருத்து உறிஞ்சினால் தேய்ந்துவிட்டது. எங்கள் வாசலில் கார் சக்கரம் திரும்பும் இடம்தான் முதலில் உறிஞ்ச ஆரம்பித்தது. சென்ற நவம்பரில் அங்கே மட்டும் மறுபடி அடித்தேன்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 2022 நவம்பரில் டப்பாவைத் திறக்கும்போது என் மனைவி வந்து நின்றாள். "இதுலயும் தண்ணி நிக்குமா?" என்றாள். முத்தாக உருளும், வழுக்காது என்றேன். "தெளிச்ச தண்ணி உருண்டு ஓடினா கோலப்பொடி எப்படிங்க படியும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என் டிப்ளமாவில் பதில் இல்லை. கேட்டை ஒட்டி மூன்றடி அகலத்துக்குப் பூசாமல் விட்டேன். அந்தத் துண்டு மட்டும் மழைக்காலத்தில் கொஞ்சம் பச்சை பிடிக்கிறது; தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிடுகிறோம்.

சென்ற முறை வாங்கியதில் இரண்டு லிட்டர் மிச்சமிருக்கிறது. திறந்த டப்பா நெடுநாள் தாங்காது. வேண்டுபவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாளையும் டேப்பையும் நானே தருகிறேன்.