ஒரு மாளிகை, இரு வாசல்!

சித்திரை வெயிலில் மரக்காணம் உப்பளத்து வரப்பிலே நின்றோம். மேலே நெருப்பு, கீழே பாத்தியில் பூத்திருக்கும் வெண்மை அந்த நெருப்பைத் திருப்பி முகத்தில் அறைகிறது. இரண்டு நெருப்புக்கும் நடுவே, வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாருகிறான் உழைப்பாளி. கூடை சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறாள் அவன் துணைவி. கடலுக்கும் கதிரவனுக்கும் இடையே கைகட்டி நிற்காமல், கை ஓயாமல் நிற்கும் அந்தத் தாய்மாரில் ஒருவரைக் கேட்டோம்: "அம்மா! இந்த உப்பு எங்கே போகிறது?"

"லாரி வருது, ஏத்திக்கினு போறாங்க. எங்க போவுதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும், தம்பி?"

சாதாரணப் பதில்தான். ஆனால் தோழர்களே, ஒரு நாட்டின் வணிகக் கொள்கைக்குச் சரியான தீர்ப்பு அந்த ஒரு வரியிலே இருக்கிறது!

டில்லியிலே ஒரு மாளிகை இருக்கிறது. வணிக அமைச்சகத்தின் கீழே, 'தொழில் மற்றும் உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை' என்று பெயர். அந்த மாளிகைக்கு இரண்டு வாசல்கள்.

முன்வாசலில் தோரணம். 2009-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இன்வெஸ்ட் இந்தியா' அங்கேதான் நிற்கிறது. வெளிநாட்டு முதலாளி வந்தால் வரவேற்பு. எந்த மாநிலத்தில் இடம், எந்தச் சட்டத்தில் சலுகை, எந்த அனுமதிக்கு எந்த மேசை என்று விரல் பிடித்து அழைத்துச் செல்ல ஆட்கள். நல்லது. விருந்தினரை வரவேற்பது நமக்குப் புதிதல்ல.

பின்வாசல் ஒன்றும் அதே மாளிகைக்கு உண்டு. உப்பு ஆணையர் அமைப்பு அங்கே இருக்கிறது. ஆம், அதே துறை, அதே அமைச்சகம்! அதன் தலைமை அலுவலகம் எங்கே தெரியுமா? அலையோசை கேளாத ஜெய்ப்பூரில்! உப்பு, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனம். மரக்காணத்துக் கரையில் விளையும் உப்பைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் மரக்காணத்தில் இல்லை, விழுப்புரத்தில் இல்லை, கோட்டையிலும் முழுமையாக இல்லை.

முன்வாசலில் நுழைபவனுக்கு ஒற்றைச் சாளரம். பின்வாசலில் நிற்பவனுக்கு அந்தச் சாளரத்தின் நிழல்கூட இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவனுக்குப் பாலும் பழமும், மற்றவனுக்குப் பழங்கஞ்சியுமா? அந்தக் கஞ்சிக்கு உப்புப் போட்டவனே அவன்தானே!

சென்னைக்கும் வருவோம். மாற்றானைக் கேட்கும் கேள்வியை நம் வீட்டிலே கேட்காமல் விட்டால் அது நேர்மையாகாது. 1971-இல் சிப்காட் பிறந்தது. 1992-இல் தொழில் வழிகாட்டி நிறுவனம் பிறந்தது. பிறந்தபோது அதன் பெயரிலேயே 'ஏற்றுமதி மேம்பாடு' என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. இவற்றால் பயனில்லை என்று நாம் சொல்லமாட்டோம். திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். வானம் பார்த்த பூமியில் கார் விளைந்தது. கூலிக்கார வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளம் வாங்கினான். அது வெற்றிதான்.

ஆனால் வந்தவன் எல்லோரும் தங்கிவிடவில்லை. 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தியை நிறுத்தியது. வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை முடித்தது. வெளிநாட்டு முதல் பறவை போன்றது. கழுவெளி ஏரிக்குப் பருவத்தில் வந்து பருவத்தில் போகும் பறவையைப் போல, அதற்கும் போக வேறு நீர்நிலை உண்டு. உப்பளத் தொழிலாளிக்கு வேறு கடல் ஏது?

உலக முதலீட்டாளர் மாநாடுகள் நடந்தன. 2015-இல் 2.42 லட்சம் கோடி. 2019-இல் 3 லட்சம் கோடி. 2024 சனவரியில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு 631 ஒப்பந்தங்கள். ஆட்சிகள் மாறின, எண்கள் ஏறின. மகிழ்ச்சி! ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது தாம்பூலம் மாற்றுவது. தாம்பூலம் மாற்றியதெல்லாம் திருமணம் ஆகிவிடுமா? எத்தனை ஒப்பந்தத்தில் புகைபோக்கி எழுந்தது, எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது என்று எண்ணிச் சொல்வதே கணக்கு.

சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். காட்டட்டும்! அங்கே 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். சதுப்பு நிலமாய்க் கிடந்த ஜூரோங்கைத் தொழில் நகரமாக்கினார்கள். அத்தோடு நின்றார்களா? 1972-இல் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து தொழிற்பயிற்சி நிலையம் திறந்தார்கள். முதலாளியை அழைத்த கை, தொழிலாளியையும் தூக்கிவிட்டது. முதற் பாதியைப் படித்துவிட்டுப் பிற்பாதியைக் கிழித்துவிடுவது என்ன படிப்பு?

வணிகம் இந்தக் கரைக்குப் புதிதா? சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் அறிஞர். இங்கிருந்து தெற்கே, புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் தோண்டியபோது ரோம நாட்டு மதுச்சாடிகள் வெளிவந்தன. உமணர் வண்டி கட்டி, உள்நாடெல்லாம் உப்பு விற்றனர். சந்தை எங்கே என்று தெரிந்தவன் அன்றைய உமணன். சரக்கு எங்கே போகிறது என்று தெரியாதவராக இன்றைய உப்பளத்துத் தாய்! இரண்டாயிரம் ஆண்டில் நாம் ஏறினோமா, இறங்கினோமா?

வழியே இல்லையா? இருக்கிறது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கிறது. 2022-இல் 'நெய்தல்' என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அரசு நினைத்தால் உப்புக்குப் பெயரும் முகவரியும் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் உதவி அளிப்பதும் தொடங்கியது. பசித்த வேளையில் அது கைகொடுக்கும். ஆனால் உதவித்தொகை நிழல், மரம் அல்ல. 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் வந்து பாத்தியைக் கடலாக்கும்போது நிழல் போதாது.

உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் புரோமினும் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனமே குசராத்தின் கட்சுக் கரையில் புரோமின் எடுத்து ஏற்றுமதி செய்கிறது. மரக்காணத்தின் சிறு அளங்களை ஒன்று சேர்த்தால் அத்தகைய தொழில் இங்கே ஆகுமா, ஆகாதா? கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். ஆகாதென்றால் உப்பைக் கழுவி, அயோடின் சேர்த்து, பையிலிட்டு விற்கும் ஆலையாவது வரட்டும். அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குப் பெயர்தானே தொழில் ஊக்குவிப்பு?

ஆகவே தோழர்களே, அடுத்த முறை தெருமுனையில் கோடிகளின் கணக்கு ஒலிக்கும்போது, கைதட்டுங்கள்; தட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கையொப்பமானதில் கட்டி முடிந்தது எவ்வளவு? வெளிநாட்டானுக்குத் திறந்த சாளரம் உப்பளத்தானுக்குத் திறப்பது எந்த நாள்? மரக்காணத்து உப்பின் தலைவிதியை ஜெய்ப்பூர் எழுதுவது எத்தனை காலம்?

கேள்வியை நம்மவரிடமும் கேளுங்கள், டில்லியிடமும் கேளுங்கள். முன்வாசலை அடைக்கச் சொல்லவில்லை நாம். பின்வாசலிலும் ஒரு விளக்கு ஏற்றச் சொல்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன நாடு, உப்பு விளைவித்தவரை ஒரு நாளேனும் நினைக்க வேண்டாமா?