கணிப்பொறியின் வாயிலில் ஒரு வினா

முன்னுரை

அகப்பாடல்களில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. தலைவன்பொருட்டு வந்தோரைத் தலைவியோ தோழியோ உள்ளே விடாது மறுத்து நிறுத்துவதை அத்துறை பேசும். அங்கே மறுப்பிற்கு ஒரு காரணம் இருக்கும். மறுக்கப்பட்டவனும் அக்காரணத்தை அறிவான். கணிப்பொறியின் வாயில் மறுப்போ சிலவேளைகளில் காரணம் விளங்காதது. நேற்றுவரை மின்விசையை அழுத்தியதும் நேரே திறந்த பொறி, இன்று திடீரெனப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கின்றது. தான் வைக்காத பூட்டிற்குத் திறவுகோல் கேட்கப்படும்போது பயனர் திகைக்கின்றார். அத்திகைப்பில் சிலர் வன்தட்டையே அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுகின்றனர். பல்லாண்டு உழைப்பில் தொகுத்த ஆய்வுத் தரவுகள் அதனோடு அழிந்துபோகின்றன. இவ்விழப்பிற்குக் காரணம் கடவுச்சொல் அன்று. கேட்பவர் யார் என்பதை அறியாமையே. அதனை அறியும் முறையையும், வேண்டாத வினாவை நீக்கும் வழியையும், நீக்கத் தகாத இடத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கடவுச்சொல் பிறந்த கதை

தொடக்ககாலக் கணிப்பொறிகளுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே அவற்றைப் பயன்படுத்தினர். ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறை தோன்றியபோதே தனித்தனி அடையாளம் வேண்டப்பட்டது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டு பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில் உருவான நேரப்பகிர்வு அமைப்பில் கடவுச்சொல் கையாளப்பட்டது. ஒவ்வொருவருடைய கோப்புகளையும் மற்றவர் தொடாதவாறு காப்பதே அதன் நோக்கம். 1966-இல் ஒரு பிழையால், அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பே அனைவர் திரையிலும் தோன்றிவிட்டது என்பது அவ்வமைப்பின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. கடவுச்சொல் என்பது பலர் புழங்கும் இடத்திற்கு உரிய ஏற்பாடு. ஒருவரே பயன்படுத்தும் வீட்டுக் கணிப்பொறியில் அது தோன்றும்போது, பொறி தன்னைப் பலருக்கு உரியதாக எண்ணிக்கொண்டிருக்கின்றது என்று கொள்ளலாம். அவ்வாறு எண்ணவைத்தது எது என்று தேடுவதே பழுதறியும் முறையின் முதற்படி.

கேட்பவர் யார்?

முதற்கண் நோக்க வேண்டுவது, வினா எந்தக் கட்டத்தில் எழுகின்றது என்பதாகும். இதனை மூவகையாகப் பகுக்கலாம்.

ஒன்று, இயங்குதளத்தின் சின்னம் தோன்றுமுன்னரே, பெரும்பாலும் வெறுந்திரையில் ஒரு சிறு கட்டத்திற்குள் எழும் வினா. இதனைக் கேட்பது பொறியின் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள். இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் இது நீங்காது. கடவுச்சொல் தெரிந்திருப்பின் பயாஸ் அமைப்பிற்குள் சென்று அதனை வெறுமையாக்கிவிடலாம். பழைய மேசைக் கணிப்பொறிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தைச் சற்றுநேரம் கழற்றிவைத்தால் அது மறையும். புதிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் மின்கலத்தைக் கழற்றினும் மறையாது. தயாரித்தவரையே நாட வேண்டும்.

இரண்டு, நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கேட்கும் வினா. இதனைக் கேட்பது பிட்லாக்கர் என்னும் வன்தட்டுக் குறியாக்கம். பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ உறுப்பு ஏதேனும் மாற்றப்பட்டாலோ இது எழக்கூடும். உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இத்திறவெண் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. வேறொரு பொறியிலிருந்து அக்கணக்கிற்குள் சென்று பார்க்கலாம். திறவெண் எங்கும் கிட்டாவிடில் உள்ளிருப்பவற்றை எவராலும் மீட்க இயலாது. ஆதலின் இவ்வினாவைக் கண்டவுடன் எதனையும் அழிக்காமல் பொறுமை காத்தல் இன்றியமையாதது.

மூன்று, இயங்குதளம் எழுந்தபின் அதுவே கேட்கும் வினா. நாம் 'வேண்டாத வினா' என்று பெரும்பாலும் குறிப்பது இதனையே.

விண்டோஸ் 95 தந்த படிப்பினை

1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 இதற்கு நல்ல சான்று. அதில் இணைய இணைப்பிற்கோ வலைப்பின்னலுக்கோ உரிய கூறுகளை நிறுவியபின், அடுத்தமுறை பொறியை இயக்கியதும் ஒரு நுழைவுக் கட்டம் தோன்றும். பயனர் கடவுச்சொல் எதனையும் வைத்திருக்கமாட்டார். வலைப்பின்னல் கூறு வந்ததும், பொறி தன்னைப் பலருள் ஒன்றாகக் கருதத் தொடங்கியதே காரணம்.

எஸ்கேப் விசையை அழுத்தினால் அக்கட்டம் மறைந்து பொறி திறந்துகொள்ளும். எனவே அது பூட்டிய கதவன்று, சாத்திய கதவே. ஆயினும் அவ்வாறு தவிர்த்தவர்க்கு வலைப்பின்னல் வளங்கள் கிட்டா. இணைய இணைப்பிற்கான கடவுச்சொல்லைச் சேமித்துவைக்கும் வசதியும் மங்கிக் கிடக்கும். முறையான தீர்வு வேறு. வலைப்பின்னல் அமைப்பில் முதன்மை நுழைவாக 'விண்டோஸ் லாகான்' என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை வெறுமையாக்கி, எல்லாப் பயனருக்கும் ஒரே அமைப்பு என்று குறித்துவிட்டால் வினா நின்றுவிடும். அவ்வியங்குதளம் இன்று வழக்கொழிந்தது. எனினும் 'அண்மையில் என்ன புதிதாக நிறுவினோம்?' என்று கேட்கும் பழக்கத்தை அது கற்பித்தது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் இவ்வுண்மை மெய்ப்பட்டது. டாட்நெட் 1.1 என்னும் மென்பொருள் தொகுதியை நிறுவியபின், நேரே திறந்துகொண்டிருந்த பொறிகள் வரவேற்புத் திரையில் நின்றன. அத்தொகுதி தன் பணிக்கெனப் பயனர் கணக்கு ஒன்றைத் தானே தோற்றுவித்ததே காரணம். ஒரு கணக்கு இரண்டானதும், 'வந்திருப்பவர் யார்?' என்று பொறி கேட்கத் தலைப்பட்டது.

இன்றைய பொறிகளில் தீர்வு

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. எனினும் அதற்கும் விண்டோஸ் 11-க்கும் கீழ்க்காணும் வழி பொருந்தும்.

விண்டோஸ் விசையையும் ஆங்கில ஆர் விசையையும் ஒருசேர அழுத்தினால் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்னும் எட்டு எழுத்துகளையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் இட்டு எண்டர் விசையை அழுத்துக. பயனர் கணக்குப் பட்டியல் திறக்கும். அதன் மேற்பகுதியில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டே நுழைய வேண்டும் என்னும் வரியின்முன் உள்ள குறியை நீக்கி உறுதிசெய்தால், கடவுச்சொல் ஒருமுறை கேட்கப்படும். அதனை இட்டபின் பொறி தானே திறந்துகொள்ளும்.

இங்கே மூன்று இடர்ப்பாடுகள் எழுவதுண்டு. முதலாவது, அவ்வரியே பட்டியலில் காணப்படாமை. செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்பதன்கீழ் உள்ள சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், மைக்ரோசாப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ நுழைவு மட்டுமே என்னும் விசை இயக்கத்தில் இருப்பது இதற்குக் காரணமாகலாம். அதனை நிறுத்திவிட்டு மீண்டும் திறந்தால் வரி தோன்றும்.

இரண்டாவது, நாள்தோறும் இடும் நான்கிலக்கப் பின் எண்ணையே கடவுச்சொல் என்று கருதி இடுதல். அக்கட்டம் இட்டதைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொள்ளும்; அடுத்தமுறை பொறி எழும்போதுதான் தவறென்று சொல்லி நிற்கும். கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே அங்கு இட வேண்டும். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இத்தடை எழும். அப்போது மேற்கண்ட முறையை மீண்டும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, தொடக்கத்தில் கேட்காத பொறி, சற்றே உறங்கி விழித்ததும் கேட்டல். இது வேறு அமைப்பு. அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், விலகியிருந்து திரும்பும்போது எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு 'நெவர்' என்று குறித்தால் அதுவும் நீங்கும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் தானே நுழையும் அமைப்பை வைத்தபின்னரும், இணைய உலாவியைத் திறக்கையில் திறவுகோற்கொத்தின் கடவுச்சொல் கேட்கப்படுவதுண்டு. நுழைகையில் கடவுச்சொல் இடப்படாமையால் கொத்து பூட்டியே கிடப்பது அதற்குக் காரணம். ஆப்பிள் கணிப்பொறியில் பைல்வால்ட் குறியாக்கம் இயங்கும்வரை தானே நுழையும் வசதி கிட்டாது.

தமிழில் தட்டச்சு செய்வோர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். சரியான கடவுச்சொல்லை இட்டும் தவறென்று திரை சொன்னால், நுழைவுத்திரையில் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கக்கூடும். கடவுச்சொல்லின் எழுத்துகள் புள்ளிகளாகவே தோன்றுவதால் இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள மொழிக்குறியைப் பார்த்து ஆங்கிலத்திற்கு மாற்றினால் கதவு திறக்கும். பழுதே இல்லாத இடத்தில் பழுதைத் தேடி அலைவதை இச்சிறு கவனம் தவிர்க்கும்.

நீக்கலாமா?

நீக்க இயலும் என்பதால் எங்கும் நீக்கிவிடலாகாது. வீட்டில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் மேசைக் கணிப்பொறியில் வினாவை நீக்குவதால் தீங்கு குறைவு. துறை அறையில் பலர் புழங்கும் பொறியின் நிலை வேறு. அதில் மாணவர்தம் அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் முகவரிகளும் தேர்வு வினாக்களும் இருக்கக்கூடும். அங்கே வினாவை நீக்குதல், பிறர் நம்மிடம் நம்பி ஒப்படைத்ததைத் தெருத்திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். வழியில் தொலைந்துபோகக்கூடிய மடிக்கணிப்பொறிக்கும் இது பொருந்தும். இத்தகைய இடங்களில் கடவுச்சொல்லை நீக்காமல், கைரேகை போன்ற எளிய நுழைவை அமைத்துக்கொள்வது தக்கது.

நிறைவுரை

வினா எக்கட்டத்தில் எழுகின்றது, அண்மையில் எது மாற்றப்பட்டது, பொறியில் எத்தனை கணக்குகள் உள்ளன, அப்பொறி யாருக்கு உரியது என்னும் நான்கையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் விடை தானே கிட்டும். அதற்குமுன் எதனையும் அழிக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கோப்புகளுக்குப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பதும், மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிக் காப்பதும் இன்றே செய்யத்தக்கவை. வாயிலில் நிற்பவன் பகைவன் அல்லன். அவன் யாரைக் காக்க நிற்கின்றான் என்று அறிந்தபின்னரே, அவனை இருக்கச் சொல்வதா போகச் சொல்வதா என்று முடிவுசெய்தல் வேண்டும்.