மரத்தின் மேல் ஒரு தோட்டம்... எறும்பு முதல் தவளை வரை இடம் கொடுக்கும் பறவைக்கூடு பெரணி!

நர்சரிகளில் 'பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன்' என்ற செடியைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் நீளமான பச்சை இலைகள், நடுவில் கிண்ணம் போன்ற ஒரு குழி. தொட்டியில் அடக்கமாக நிற்கும் இந்தச் செடி, காட்டில் 200 கிலோ எடை வரை வளரக்கூடியது. அதுவும் தரையில் அல்ல, உயரமான மரத்தின் மேல்!

மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எனத் தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளில் இது பரவலாக வளர்கிறது. சிங்கப்பூரில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலேயே பார்க்கலாம். இதன் அறிவியல் பெயர் அஸ்ப்ளேனியம் நைடஸ். 'நைடஸ்' என்றால் லத்தீன் மொழியில் கூடு.

மண்ணைத் தானே தயாரிக்கும்!

மரத்தின் மேல் வளர்ந்தாலும் இது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். அப்படியானால் சாப்பாடு?

மேலிருந்து விழும் சருகுகளை இலைக்கிண்ணம் ஏந்திக்கொள்கிறது. அவை மட்கி உரமாகின்றன. வேர்கள் பஞ்சு போலப் பின்னி, மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. இப்படி, மண்ணே இல்லாத உயரத்தில் தனக்கான மண்ணைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. பூவும் விதையும் கிடையாது. இலையின் அடியில் பழுப்புக் கோடுகளாகத் தெரியும் வித்துத்தூள் காற்றில் பறந்து, அடுத்த மரத்தில் முளைக்கும்.

உள்ளே யார் யார்?

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டேனம் பள்ளத்தாக்குக் காட்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபார்னன் எல்வுட், வில்லியம் ஃபாஸ்டர் இருவரும் இந்தப் பெரணிகளை ஆராய்ந்தார்கள். 2004-ல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. மரத்தின் உச்சிப்பகுதி முழுவதிலும் இருக்கும் பூச்சிகள் போன்ற சிற்றுயிர்களின் மொத்த எடைக்கு இணையாக, ஒரே ஒரு பெரிய பெரணிக்குள் இருக்கலாம் என்றது அந்த ஆய்வு. எறும்பு, கரையான், பூரான், கரப்பான் என எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு.

வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமையும் ஈரமும் குறையாது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் ஒரு வகைத் தவளை இந்தப் பெரணிக்குள்ளேயே முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல், முட்டையிலிருந்து நேராகக் குட்டித்தவளைகள் வெளியே வருகின்றன. குளமே தேவையில்லை!

வீடு இருக்கிறது, குடித்தனக்காரர்கள்?

நம் ரேஷன் கடை முதல் பிஸ்கட், சோப்பு வரை வந்து சேர்வது பாமாயில். அதற்காகச் சபாவில் பெருமளவு காடு எண்ணெய்ப்பனைத் தோட்டமாக மாறிவிட்டது. பறவைக்கூடு பெரணி அங்கும் விடாப்பிடியாக வளர்கிறது. பனையின் வெட்டப்பட்ட மட்டைகளின் அடிப்பகுதியே அதற்குப் போதும்.

ஆனால், அந்தப் பெரணிகளைத் திறந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு ஏமாற்றம். காட்டில் வாழ்ந்த எறும்பு இனங்களில் பெரும்பாலானவற்றைத் தோட்டத்தில் காணவில்லை. எந்தச் சூழலையும் தாங்கும் வேறு இனங்கள் அங்கே குடியேறியிருந்தன. செடி பிழைத்துக்கொண்டது, அதை நம்பியிருந்த காட்டுயிர்கள் பிழைக்கவில்லை. ஆகவே, பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு ஆகிவிடாது.

வீட்டில் வளர்க்க ஆசையா?

* நேரடி வெயில் வேண்டாம்; ஜன்னலோர வெளிச்சம் போதும்.
* தொட்டிக் கலவை லேசாக ஈரமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.
* நடுக்குழியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் குருத்து அழுகிவிடும்.
* நர்சரியில் வளர்த்த செடியையே வாங்குங்கள். காட்டு மரத்திலிருந்து ஒரு பெரணியைப் பெயர்த்தால், அதற்குள் இருக்கும் அத்தனை உயிர்களின் வீடும் போய்விடும்!