அபிவிருத்தித் திட்டங்களும் பெண்களின் வறுமையும்

வறுமையை அளப்போர் வீட்டை அளக்கின்றனர். வீட்டினுள் வாழ்வோரை அளப்பதில்லை. ஒரு குடும்பத்தின் செலவு முழுவதையும் கூட்டி, அதனைத் தலைகளின் தொகையால் வகுத்து, வந்த ஈவை ஒவ்வொருவர்க்கும் உரியதெனக் கொள்வதே உலக வங்கி முதலாய நிறுவனங்கள் பெரிதும் கையாளும் முறை. தந்தைக்கும் தாய்க்கும், மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு கிடைக்கின்றதென்பது இம்முறையின் அடியில் மறைந்து கிடக்கும் எடுகோள். கணக்களவில் இதனாற் பெருந்தீங்கில்லை எனலாம். இவ்வெடுகோளையே கைக்கொண்டு காணி பகிர்வோரும் கடன் கொடுப்போரும் புறப்படும்போது யாது நிகழ்கின்றதென்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் டென்மார்க்கு நாட்டுப் பொருளியலறிஞர் எஸ்டர் போசரப் அம்மையார். 1970இல் வெளிவந்த தமது நூலில், ஆபிரிக்காவின் பல பகுதிகளில் உணவுப்பயிர்ச் செய்கை பெண்களின் தொழிலாகவே இருந்ததென்றும், உழவு ஆடவர்க்குரியதென்னும் எண்ணத்தோடு வந்த ஐரோப்பிய அதிகாரிகள் புதிய பயிர்களையும் பயிற்சியையும் ஆடவர்க்கே அளித்தனரென்றும் அவர் எடுத்துக் காட்டினார். முன்னேற்றம் வந்தது; அதனோடு பெண்ணின் நிலை தாழ்ந்தது. அபிவிருத்தி பெருகின் பெண்ணின் நிலை தானே உயருமென நம்பியிருந்தோர்க்கு இஃது உவப்பான செய்தியன்று.

இதற்குத் தக்க சான்று மேற்கு ஆபிரிக்காவிலுள்ள காம்பியா. ஆற்றின் இருமருங்கும் நாடாப்போல் நீண்டு கிடக்கும் இச்சிறு நாடு 1965 வரை பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. அங்கே மேட்டு நிலத்தில் ஏற்றுமதிக்காக நிலக்கடலை - நம்மவர் கச்சான் என்பது - பயிரிடுவோர் ஆடவர். ஆற்றோரச் சதுப்பில் நெல் விளைவிப்போர் பெண்டிர். மண்டிங்கா மக்களின் வழக்கில் வயல்கள் இருவகைப்படும். குடும்பத்தார் யாவரும் உழைத்து, விளைவைக் குடும்பத் தலைவன் கையில் ஒப்படைக்கும் பொது வயல் ‘மருவோ’ எனப்படும். ஒருவர் தமக்கெனச் செய்கை பண்ணி, விளைவைத் தாமே ஆளும் வயல் ‘கமன்யாங்கோ’. பெண்ணொருத்தி தானே திருத்திய சதுப்பு நிலம் அவளுடையதாகித் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதும் உண்டு.

1966இல் தைவான் நாட்டு நிபுணரும், பின்னர் உலக வங்கியாரும் சீனரும் அங்கே நீர்ப்பாசன நெற்செய்கையைப் புகுத்தினர். விதையும் உரமும் கடனும், நீர்பாயும் வயலும் பெரும்பாலும் ஆடவர் கைக்கே சென்றன. தலைமுறை தலைமுறையாக நெல்லை அறிந்திருந்த பெண்டிர், நெல்லறியாத கணவன்மாரின் வயல்களிற் கூலியாட்களாயினர். எதிர்பார்த்த பயனும் கிட்டவில்லை.

இப்பிழையைத் திருத்தும் நோக்கோடு 1984இல், விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியுடன் ஜஹாலி-பச்சார் திட்டம் தொடங்கிற்று. பெண்களுக்கும் காணி என்பது அதன் வாக்குறுதி. முதற் பகிர்வில் ஆடவரே மிகுதியாகப் பெற்றனர். பெண்டிர் கூடி முறையிட்டனர். வயல்கள் பெண்களின் பெயரிற் பதியப்பட்டன. வெற்றியென்றே எவரும் கருதியிருப்பர். ஆயின், பதிவேட்டிற் பெயர் மாறியதேயன்றி வயலின் வகை மாறவில்லை. இவை யாவும் ‘மருவோ’ என்று வீட்டுத் தலைவர்கள் சொல்லிவிட்டனர். ஆண்டுக்கு இரு போகம். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் பெண்ணுக்கு. நெல் விற்ற பணம் ஆணுக்கு. சில பெண்டிர் அவ்வயல்களில் இறங்க மறுத்தனர். சிலர் தம் உழைப்புக்கு நெல்லாகப் பங்கு கேட்டனர். சிலர் கூட்டமாகச் சேர்ந்து பிறர் வயல்களிற் கூலிக்குச் சென்றனர். தன் பெயரிலுள்ள வயலை விட்டு அயலான் வயலுக்குக் கூலிக்குப் போவது பேதைமை போலத் தோன்றும். கூலிப்பணம் அவள் கையிலேயே தங்கும் என்பதை எண்ணுவோர்க்கு அவ்வாறு தோன்றாது.

“யார் கையில் வந்தாலென்ன, வீட்டுக்குத்தானே” என்பாருமுளர். தென்னாபிரிக்காவில் 1990களின் தொடக்கத்திற் கறுப்பின முதியோர்க்கான ஓய்வூதியம் பெரிதும் உயர்த்தப்பட்டது. பாட்டி ஓய்வூதியம் பெற்ற வீடுகளிற் பேத்தியரின் உடல்நிலை தேறியதென்றும், பாட்டன் பெற்ற வீடுகளில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லையென்றும் எஸ்தர் டுப்லோ என்னும் பொருளியலறிஞர் 2003இற் காட்டினார். பணம் ஒன்றே, கை வேறு.

ஆபிரிக்கக் கதையென்று இதனை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. இலங்கையில் இரணைமடு, கல்லோயா போன்ற குடியேற்றங்களுக்கு அடிப்படையாயமைந்தது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணி பெற்றவர் தமக்குப் பின் உரியவரை நியமியாது இறந்தால், அதன் மூன்றாம் அட்டவணைப்படியே உரிமை சென்றது. மகன்மார் முதலில், மகள்மார் பின்னர். பேரன்மார் முன்னர், பேத்தியர் பின்னர். தந்தைக்குப் பின் தாய். கைம்பெண் அக்காணியை வாழ்நாளளவில் ஆளலாம். மறுமணஞ் செய்தால் அதுவும் இல்லை. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்தார் மரபுக்கு இது முற்றும் புறம்பானது. (தேசவழமையிலும் அச்சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்பதை மறைத்தல் நேர்மையாகாது.)

பெண்களுக்கெதிரான பாரபட்சங்கள் யாவற்றையும் ஒழிக்கும் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1979இல் ஏற்றது. அதன் 14ஆம் உறுப்புரை கிராமப் பெண்களைப் பற்றியது. காணிச் சீர்திருத்தத்திலும் குடியேற்றத் திட்டங்களிலும் அவர்களைச் சமமாக நடத்த வேண்டுமென வெளிப்படையாகவே கூறுகின்றது. இலங்கை 1981இல் அதற்கு உடன்பட்டது. மூன்றாம் அட்டவணையிலிருந்த ஆண்முதன்மையை நீக்கும் திருத்தச் சட்டமோ 2022இலேதான் நிறைவேறிற்று. இடையே கழிந்தவை 41 ஆண்டுகள். அக்காலத்தில் நியமனமின்றி இறந்த குடியேற்றவாசிகளின் மகள்மார், தாம் நாற்று நட்ட வயல் அட்டவணைப்படி சகோதரர் பெயருக்குச் செல்வதைக் கண்டனர்.