தட்டடுக்கின் நடுவே செருகப்பட்ட தட்டு

மென்பொருள் எழுதும் முறைகளுள் ‘பொருள் நோக்கு நிரலாக்கம்’ என்பது, தரவையும் அதன் மீது செயல்படும் கட்டளைகளையும் தனித்தனியே வைக்காமல், இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, அந்தக் கூட்டைப் ‘பொருள்’ என்று அழைக்கும் முறையாகும். ஒரே அமைப்புடைய பொருள்கள் பலவற்றுக்கும் அச்சாக நிற்கும் வரையறையைத் தமிழகப் பள்ளிப் பாடநூல் ‘இனக்குழு’ என்கிறது. மென்பொருள் அலுவலகங்களில் அது ‘கிளாஸ்’தான். நிரலின் பிற பகுதிகள் ஒரு பொருளிடம் கேட்கலாம், ஒன்றைச் செய்யச் சொல்லலாம். ஆனால் அதற்குள் கைவிட்டு எதையும் எடுக்கவோ மாற்றவோ கூடாது.

இந்தத் தடை எதற்கு என்பதை விளக்க 2000ஆம் ஆண்டுச் சிக்கலை விடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் எழுதப்பட்ட வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் நிரல்கள் பலவும், நினைவகத்தை மிச்சம்பிடிப்பதற்காக ஆண்டை ‘76’, ‘84’ என்று இரண்டே இலக்கங்களில் வைத்திருந்தன. வட்டி கணக்கிடும் பகுதியும் ஓய்வு வயதைப் பார்க்கும் பகுதியும் ரசீது அச்சிடும் பகுதியும் அந்த இலக்கங்களை நேரடியாகவே எடுத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததால், திருத்தம் ஓரிடத்தில் முடியாமல், லட்சக்கணக்கான வரிகளைத் துழாவ வேண்டியதாயிற்று. (அந்தத் துழாவும் வேலையில் ஒரு பங்கு கடல் கடந்து வந்து, சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் மென்பொருள் தொழிலை வளர்த்தது தனிக்கதை.) தேதி ஒரு பொருளுக்குள் மறைந்திருந்து, மற்றப் பகுதிகள் ‘இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள்’ என்று அதனிடம் கேட்டு மட்டும் வந்திருந்தால், நிரலில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வரையறையாகவே இருந்திருக்கும்.

இவ்வளவு தெளிவான பயனுடைய முறை தொழிலில் வேரூன்ற, கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நார்வேயின் ஆஸ்லோ நகரக் கணினி மையத்தில் ஓலே-யோகன் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் இனக்குழு, பொருள், ஓர் இனக்குழுவின் தன்மைகளை இன்னொன்று பெறும் மரபுரிமம் ஆகிய மூன்றையும் கொண்ட ‘சிமுலா 67’ மொழியை 1967இலேயே உருவாக்கிவிட்டனர். 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் ‘ஸ்மால்டாக்’ மொழியை வளர்த்தனர். ஆயினும் அக்காலக் கணினிகளின் வேகத்துக்கும் நினைவகத்துக்கும் இம்மொழிகள் பெருஞ்சுமையாக இருந்தன. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், சிமுலாவில் சிந்திப்பது எளிது, ஓட்டுவதுதான் கடினம் என்பதை அனுபவத்தில் கண்டு, பின்னர் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த 1979இல், வேகத்துக்குப் பெயர்பெற்ற சி மொழியின் மேலேயே இனக்குழுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். அதுவே சி++ என்ற பெயரில் 1985இல் வெளிவந்தது.

சி++ பரவியதற்கும் பொருள் நோக்கு முறை சரியாகப் பிடிபடாமற்போனதற்கும் காரணம் ஒன்றே. சி மொழியில் எழுதிய நிரலை ஏறக்குறைய அப்படியே ஏற்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. அதனால் நிறுவனங்கள் பழையதைத் தூக்கி எறியாமலே புதிய மொழிக்கு வர முடிந்தது, நிரலர்களும் பழைய பழக்கத்தைக் கைவிடாமலே வர முடிந்தது. எல்லா வேலையையும் தானே செய்யும் ‘மேலாளர்’ என்றொரு பெரிய இனக்குழு, அதைச் சுற்றி வெறும் தரவைச் சுமந்து நிற்கும் சிறிய இனக்குழுக்கள் என்ற அமைப்பை இன்றும் எத்தனையோ நிரல்களில் காணலாம். இதில் ஒவ்வொரு தரவுக்கும் ‘எடு’, ‘வை’ என்று இரு செயற்கூறுகளை எழுதித் திறந்துவிடுவது வழக்கம். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எதை எதனோடு சேர்த்து அடைப்பது என்ற முடிவுக்கு மொழி உதவாது. தேவை அறிக்கையிலுள்ள பெயர்ச்சொற்களை எல்லாம் அடிக்கோடிட்டு அவற்றையே இனக்குழுக்களாக்கும் பாடப்புத்தக வழி, முதல் வாரப் பயிற்சிக்கு மட்டுமே போதும். நிரலர்களான கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்காமும் 1989இல் முன்வைத்த வழி இதைவிட நுட்பமானது: ஓர் அட்டைக்கு ஓர் இனக்குழு என்று எழுதி, அதன் பொறுப்பு என்ன, அது யாருடைய உதவியை நாடும் என்பவற்றை மட்டும் குறித்து, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிப் பார்ப்பது. அட்டையின் சிறிய அளவே ஒரு கட்டுப்பாடு. பொறுப்புகள் அதில் அடங்கவில்லையென்றால் இனக்குழுவைப் பிரிக்க வேண்டும் என்று பொருள்.

நிரலர்களை மிகுதியாக வழிதவறச் செய்தது மரபுரிமம், அதாவது ஏற்கெனவே உள்ள ஓர் இனக்குழுவின் தன்மைகள் அனைத்தையும் புதியதொன்று பிறப்புரிமையாகப் பெறும் வசதி. எழுதியதையே மீண்டும் எழுத வேண்டாம் என்ற கவர்ச்சியில் அனுபவசாலிகளும் இதில் தடுக்கி விழுந்தனர். 1990களின் நடுவில் வெளியான ஜாவா மொழியின் முதற்பதிப்பிலேயே இதற்குச் சான்று உண்டு. கணினியியலில் ‘அடுக்கு’ எனப்படுவது, உணவகத்தில் கழுவி அடுக்கிய தட்டுகளைப் போல, கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்பட வேண்டும் என்ற விதியுடைய தரவமைப்பு. ஜாவாவில் ‘ஸ்டாக்’ என்ற அந்த இனக்குழுவை அதன் படைப்பாளிகள், எந்த இடத்திலும் எதையும் செருகவும் நீக்கவும் இடந்தரும் ‘வெக்டர்’ என்ற பட்டியலின் வாரிசாக அமைத்துவிட்டனர். பட்டியலின் உரிமைகள் எல்லாம் அடுக்குக்கும் வந்து சேர்ந்தன. தட்டடுக்கின் நடுவே ஒரு தட்டைச் செருகலாம், அடியிலிருந்து ஒன்றை உருவலாம், மொழி தடுக்காது. குழப்பம் எண்ணுவதிலும் புகுந்தது: அடுக்கின் சொந்தத் தேடல் மேலிருந்து 1, 2 என்று எண்ண, வழிவழியாக வந்த தேடலோ அடியிலிருந்து 0, 1 என்று எண்ணுகிறது.

அடுக்கு என்பது ஒருவகைப் பட்டியலா, அல்லது தன்னுள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அதை மறைக்கும் வேறொன்றா என்ற கேள்வியைக் கேட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. ஆனால் உலகெங்கும் நிரல்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்ட பின்னர், உறவை வெட்டவும் வழியில்லை. ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணம், ஸ்டாக்குக்குப் பதிலாகப் பின்னாளில் வந்த ‘டெக்’ வகையைப் பயன்படுத்துமாறு கூறுகிறது. பழையது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

தரவுத்தளம் வேறொரு தலைவலி. எட்கர் காட் 1970இல் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளம் அட்டவணைகளால் ஆனது. ஒன்றையொன்று சுட்டிநிற்கும் பொருள்களின் வலையை கிடைவரிசையும் நெடுவரிசையுமாக உடைத்து வைக்கவும் மீண்டும் கோக்கவும் வேண்டியிருப்பதால், இடையில் ஒரு மொழிபெயர்ப்புப் பகுதியும் அதைப் பராமரிக்கும் செலவும் தவிர்க்க முடியாதவையாகின.

செலவைப் பொறுத்தவரை, இம்முறையில் உழைப்பு முன்னால் விழுகிறது, பயன் பின்னால் வருகிறது. மென்பொருள் திட்ட மேலாண்மை பற்றிய தம் புகழ்பெற்ற நூலின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபிரெட் புரூக்ஸ் இதையே இம்முறையின் மெதுவான பரவலுக்குக் காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். இதை ஒரு வடிவமைப்பு முறையாகக் கற்பிக்காமல், ஒரு கருவியைக் கையாளும் பயிற்சியாகக் கற்பித்துவிட்டார்கள் என்ற டேவிட் பர்னாஸின் கருத்தும் அப்பதிப்பில் இடம்பெற்றது. தரவின் அமைப்பை மறைத்து நிரலைப் பிரிக்கும் நெறியை, எந்த மொழியையும் சாராமல், 1972இலேயே விளக்கியவர் பர்னாஸ் என்பதால் அந்த விமர்சனத்துக்குக் கூடுதல் எடை உண்டு.

முன்னால் விழும் அந்த உழைப்புக்கு ஒரு சான்று: அமெரிக்காவின் கிறைஸ்லர் கார் நிறுவனம், தன் பழைய சம்பளக் கணக்கு நிரல்களுக்கு மாற்றாக 1990களில் ஸ்மால்டாக்கில் ஒரு நிரலை எழுதத் தொடங்கியது. பணி இழுபட்ட நிலையில் 1996இல் கென்ட் பெக் அழைக்கப்பட்டு, பெருமளவு புதிதாகவே தொடங்கப்பட்ட அந்நிரல், 1997இல் ஊழியர்களில் ஏறத்தாழ 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிட்டுத் தந்தது. எஞ்சியோரின் கணக்கும் அதற்கு மாறுமுன்னரே 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. அங்கே உருவான கூட்டு வேலைமுறை ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. சம்பளக் கணக்குகளின் பழைய மொழியான கோபோலுக்கே 2002ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் இனக்குழுவும் மரபுரிமமும் சேர்க்கப்பட்டன. வங்கிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கோபோல் நிரல்களில் பெரும்பாலானவை அவற்றைத் தொடாமலே ஓடுகின்றன.